லெட்சுமியின் நெஞ்சில் இல்லாத பள்ளம்

போன மாதம் ஒரு இளம் பொறியாளர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "மேடம், இதய வரைபடத்துக்கு நீங்கள் அந்தக் காலத்தில் எந்த விண்டோ போட்டு ஃபில்டர் செய்தீர்கள்? எந்த சாஃப்ட்வேர்?" கேள்விக்குக் கீழே கைகூப்பும் படம் வேறு. சாஃப்ட்வேராம். என்னத்தைச் சொல்ல. இப்போது இவர்களுக்கு ஒரு வரி தட்டினால் வடிகட்டி தயாராக வந்து விழுகிறது. எந்த விண்டோ என்று கணினி கேட்கும். பட்டியலில் முதலில் இருப்பதை அமுக்கிவிட்டுத் தே தாரேக் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். அது யார் தலையில் போய் விடியும் என்று ஒருத்தராவது யோசிக்கிறார்களா? பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எரிச்சல்தான் ஏறியது, பதில் முடியவில்லை. இந்த இதழ்க்காரர்களும் பணிக்கால அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இதுவே பதில்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஈப்போவில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா படித்தேன். பினாங்கில் ஓர் ஆலையில் கொஞ்ச காலம் சில்லுகளைச் சோதித்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் மலைக்கே திரும்பினேன். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எண்பதுகளில் ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துப் பட்டறையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ரோலர் மோட்டார், தராசு, ஒயர்லெஸ், மேனேஜர் துரை வீட்டு டிவி என்று மின்சாரம் ஓடுகிற எதுவும் என் பொறுப்பு. பொம்பளைப் பிள்ளை ஏணியில் ஏறுகிறாள் என்று முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் அவரவர் வீட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

என் மேலதிகாரி தேவராஜ். தோட்டத்து எஞ்சினியர். ஒல்லியாக, நெட்டையாக, எப்போதும் சாம்பல் நிற ஸ்வெட்டரோடு இருப்பார். நாற்காலி இருந்தாலும் உட்கார மாட்டார். மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி பிளேடால் பென்சில் சீவிக்கொண்டே பேசுவார். சட்டைக் கை மடிப்பில் விரல் வைத்தால் கிழித்துவிடும், அப்படி இஸ்திரி. அவருக்கு எல்லாம் கூர்மையாக இருக்க வேண்டும். பட்டறைச் சுவரில் ஆணி அடித்தால்கூட மட்டப்பலகை வைத்துப் பார்ப்பார். கெட்ட மனிதர் இல்லை. சம்பளத்தில் ஓரவஞ்சனை செய்ததில்லை, குரலை உயர்த்தியதில்லை. ஆனால் அவரோடு ஒரு விஷயத்தைப் பேசி ஜெயிப்பதற்குள் நமக்குத் தலைமுடி நரைத்துவிடும்.

அந்த வருடம் மலைச்சரிவில் உரமூட்டை சுமந்து ஏறிய ஓர் ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். உடனே தலைமை அலுவலகத்துக்கு ஞானம் வந்துவிட்டது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும், தொழிலாளி ஆனாலும் அதிகாரி ஆனாலும், இதயச் சோதனை என்று உத்தரவு வந்தது. கூடவே ஒரு பழைய இசிஜி கருவியும் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அதைப் பொருத்தி முதல் ஆளுக்கு ஓட்டிப் பார்த்தால், காகிதத்தில் துடிப்பு இல்லை, கம்பளிப்பூச்சி ஊர்ந்திருந்தது.

காரணம் எங்கள் மின்சாரம். தோட்டத்துக்கென்று ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் ஒரு சின்னச் சுழலி இருந்தது. அரசாங்க மின்சாரம் நொடிக்கு ஐம்பது அலை என்றால் ஐம்பதிலேயே நிற்கும். எங்களுடையது அப்படியா? தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர்கள் கிளம்பினால் நாற்பத்தைந்துக்கு இறங்கும், சில நொடி அதற்கும் கீழே போகும், நின்ற வேகத்தில் ஐம்பத்திரண்டுக்கு எகிறிவிட்டுப் பிறகுதான் ஐம்பதில் அடங்கும். கருவிக்குள் இருந்த தடுப்பு ஐம்பதை மட்டும் தடுக்கும். மீதி இரைச்சல் எல்லாம் நோயாளியின் கை வழியே உள்ளே வந்துவிடும்.

தேவராஜ் இதற்கு ஒரு டிஜிட்டல் வடிகட்டி செய்தார். அந்தக் காலத்தில், அந்த மலையில், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்த மரியாதையை நான் அவருக்கு என்றைக்கும் கொடுப்பேன். துடிப்பை நொடிக்கு இருநூற்றைம்பது முறை அளந்து எண்ணாக்கி, ஒரு எட்டு பிட் சில்லுக்குள் அனுப்பி, இருபத்தைந்து அலைக்கு மேலே இருப்பதை வெட்டிவிட்டு, மிச்சத்தைத் திரும்பவும் எழுதுகோலுக்கு அனுப்பும் பலகை அது. சிக்கல் அந்த 'வெட்டி'யில் இருந்தது.

படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். இப்படி வெட்டும் வடிகட்டி என்பது ஓர் எண் வரிசைதான். வந்த அளவுகளை அந்த எண்களால் பெருக்கிக் கூட்டினால் வடிகட்டிய அளவு கிடைக்கும். செங்குத்தாக, சுத்தமாக வெட்ட வேண்டுமென்றால், கணக்குப்படி அந்த வரிசை முடியவே கூடாது. நடுவில் பெரிய எண். இரண்டு பக்கமும் மேலும் கீழும் ஆடி ஆடிச் சிறுத்துக்கொண்டே போகும். முடிவில்லாத வரிசையை எந்தச் சில்லில் வைப்பது? எங்கள் சில்லு ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் இருபத்தோரு எண்ணைப் பெருக்குவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஆகவே நடுப்பகுதியை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும். அதை எப்படி விடுவது என்பதுதான் விஷயம். சட்டென்று நறுக்கலாம். இல்லாவிட்டால் நடுவில் முழுதாகவும் ஓரத்துக்குப் போகப் போகக் குறைந்தும் வருகிற ஒரு வளைவால் பெருக்கி, மெல்லத் தேய்த்து முடிக்கலாம். அந்த வளைவைத்தான் விண்டோ என்கிறோம்.

தோட்டத்து லோரியில் நின்றுகொண்டு போனவர்களுக்குத் தெரியும். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் பின்னால் நிற்கிறவர்கள் முன்னும் பின்னும் ஆடுவார்கள். மெல்லப் பிடித்தால் ஆட மாட்டார்கள், ஆனால் வண்டி நிற்கக் கொஞ்சம் தூரம் பிடிக்கும். வடிகட்டியும் அப்படித்தான். நறுக்கினால் வெட்டு செங்குத்தாக இருக்கும், ஆனால் துடிப்பு எங்கெல்லாம் கூராக எழும்புகிறதோ அங்கெல்லாம் பக்கத்தில் ஆட்டம் காட்டும். தேய்த்தால் ஆட்டம் அடங்கும், வெட்டு சரிவாகிவிடும். லோரிக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். லோரியில் பிரேக் போட்ட பிறகுதான் ஆடுவார்கள். இந்த வடிகட்டி அளவுகளைச் சற்று நேரம் பிடித்துவைத்து இரண்டு பக்கமும் பார்த்துக் கணக்குப் போடுவதால், துடிப்புக்கு முன்னாலும் ஆடும்.

நான் இதைத் தேவராஜிடம் முதல் நாளே சொன்னேன். கொசைன் வளைவு ஒன்றைத் தூக்கி வைத்துச் செய்கிற விண்டோ இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று கிராஃப் தாளில் வரைந்தும் காட்டினேன்.

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருடையது மலை விளிம்பு மாதிரி நேராக இறங்கியது. என்னுடையது சரிந்து இறங்கியது.

"மிஸ் சரோஜா, கட் பண்ணா கட் பண்ண மாதிரி இருக்கணும். இது என்ன, பிள்ளைங்க வெளையாடுற சறுக்கு மரமா?"

"சார், ஓரத்துல ஆட்டம் காட்டும் சார்."

"கோடு சுத்தமா வருதா இல்லையா?"

வந்தது. அதுதான் கொடுமை. அவருடைய வடிகட்டி போட்ட கோடு இஸ்திரி போட்ட மாதிரி வந்தது. என்னுடையதைப் போட்டால் எல்லா ரோலரும் ஒன்றாகக் கிளம்பும் சில நொடிகளில் கோட்டில் லேசாக ஒரு முரமுரப்பு தெரிந்தது. அவர் அதை அழுக்கு என்றார். அவருடைய எண்களையே சில்லில் எரித்துப் பதித்து, அதைப் பலகையில் மாட்டினோம்.

ஆஸ்பத்திரியில் சோதனை நடந்த முறையையும் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவ உதவியாளரை டிரெஸ்ஸர் என்போம். எங்கள் டிரெஸ்ஸர் முனியாண்டி, பயந்த சுபாவம். ஆளைப் படுக்க வைத்து, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் உப்புத்தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, தகடுகளைக் கட்டுவார். பிறகு ஒரு பொத்தானை அமுக்குவார். கருவி தானே ஒரு சின்ன மேசை வடிவத்தைக் காகிதத்தில் போடும். கருவி சரியாக அளக்கிறதா என்று காட்டும் அளவுக்குறி, கேலிபிரேஷன், அது. அதன் பிறகுதான் ஆளின் துடிப்பு வரும். வெளியிலிருந்து மாதம் இரண்டு முறை வரும் டாக்டர், முனியாண்டி அட்டைகளில் ஒட்டி வைத்த காகிதங்களை வரிசையாகப் பார்த்துக் குறிப்பு எழுதிவிட்டுப் போவார். அட்டைகளோ வெள்ளைக்காரன் காலத்தில் அடித்தவை, குறுகல். முழுக் காகிதமும் கொள்ளாது. ஆகவே இரண்டு ஓரத்தையும் நறுக்கித்தான் ஒட்டுவார்கள். முதலில் போவது அந்த மேசை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஊர் இல்லையா, எதற்கும் ஓரத்தை வெட்டியே பழக்கம்.

லெட்சுமி அக்கா எனக்கு லயத்திலிருந்தே பழக்கம். கொழுந்து எடுக்கிறவர், தோட்டத்திலேயே வேகமான கை. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் மலர், ஐந்தாம் படிவம், தானா ராத்தா டவுனுக்கு பஸ்ஸில் போய் வருவாள். வருடக் கடைசியில் எஸ்.பி.எம்., அதாவது பள்ளியிறுதித் தேர்வு. அந்த வருடம் லயத்திலிருந்து அந்தத் தேர்வு வரைக்கும் போன ஒரே பெண் அவள்தான்.

ஒரு நாள் மாலை பட்டறை வாசலில் லெட்சுமி அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் கூடை இல்லை.

"தங்கச்சி, எனக்கு ஆர்ட்டு அட்டாக்கு வந்து போயிருக்காம்."

"யாரு சொன்னா?"

"டாக்டரு எழுதிட்டாரு. எப்ப வந்துச்சுன்னு எனக்கே தெரியல. வந்தது ஒரு வார்த்த சொல்லிட்டாவது போயிருக்கலாம்ல."

சிரித்தபடிதான் சொன்னார். டிரெஸ்ஸர் படித்துக் காட்டிய குறிப்பு இதுதான்: பழைய மாரடைப்பின் தடம்; மலை ஏறும் வேலை கூடாது. தேயிலைத் தோட்டத்தில் மலை ஏறாத வேலை ஏது? லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருத்தர் பெயராவது வேலைப் பதிவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். அக்காவின் பெயரை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மலர் போய் நின்று தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். பள்ளிச் சீருடைக்கு மேலேயே அம்மாவின் கூடையை மாட்டிக்கொண்டு போனாளாம்.

"பள்ளிக்கூடத்து டீச்சரு நல்லவங்க. பரிச்ச வரைக்கும் பேரை எடுக்க மாட்டேன்னாங்க. அதுக்குள்ள எனக்கு வேலை திரும்பக் கெடச்சா புள்ள போயிருவா. நீ மெசினு வேலை பாக்குறவ. அந்த டாக்டர்கிட்ட இன்னொரு தரம் பாக்கச் சொல்லேன்."

நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். முனியாண்டி தயங்கித் தயங்கி அட்டையை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு துடிப்பின் கூரான முனைக்கும் முன்னால் ஒரு பள்ளம் இருந்தது. டாக்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். பழைய மாரடைப்பு வந்தவர்களுக்கு அந்த இடத்தில் பள்ளம் விழும் என்று எனக்கும் அதற்குள் தெரியும். ஆனால் முனைக்குப் பின்னாலும் அதே ஆழத்தில், அதே தூரத்தில் இன்னொரு பள்ளம் இருந்தது. கண்ணாடியில் பார்த்தது போல் இரண்டும் ஒன்று. எந்த மனிதரின் இதயம் அப்படிச் சமமாகத் துடிக்கிறது?

"அண்ணே, வெட்டுன ஓரமெல்லாம் எங்க?"

"அது வேணாத துண்டு, மிஸ். கார்டுல எடம் பத்தாது. எஞ்சினியர் ஐயாதான் ஓரத்த நேரா வெட்டி ஒட்டச் சொன்னாரு."

முனியாண்டி உட்காரும் மேசைக்கடியில் பிஸ்கட் டின் ஒன்றில் கிடந்தன. கிளறி எடுத்தேன். ஒவ்வொரு துண்டிலும் அந்த மேசை வடிவம். தட்டையாக இருக்க வேண்டிய மேசையின் மூலைகளில் கொம்பு முளைத்திருந்தது, காலடியில் பள்ளம் விழுந்திருந்தது. ஆள் யாராக இருந்தாலும் அதே கொம்பு, அதே பள்ளம். இத்தனை நாளாய் கருவி ஒவ்வொரு தடவையும் தன் கோளாறைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறது. இவர்கள் அதைச் சரியாக வெட்டி டின்னில் போட்டிருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

துண்டுகளைக் கொண்டுபோய் தேவராஜின் மேசையில் பரப்பினேன்.

"பாருங்க சார். இந்தப் பெட்டிக்குமா ஆர்ட்டு அட்டாக்கு?"

அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "கேலிபிரேஷன் வேற, பேஷண்ட் வேற."

"ரெண்டும் ஒரே ஃபில்டர் வழியாத்தான் சார் வருது."

"எழுபது பேருக்கு மேல எடுத்தாச்சு. எல்லாருக்குமா டாக்டர் அப்படி எழுதியிருக்காரு?"

எல்லாருக்கும் எழுதவில்லைதான். ஒல்லியான உடம்புக்காரர்களுக்குத் துடிப்பு முனை உயரமாக, கூராக எழும்பும். அவர்களுக்குப் பள்ளமும் ஆழமாக விழும். சதைப் பிடிப்பானவர்களுக்கு லேசாகத் தெரியும், டாக்டர் கண்டுகொள்ள மாட்டார். இதையும் சொன்னேன். கரடியாய்க் கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் தொழிற்சாலையை நிறுத்துங்கள், இரைச்சல் இருக்காது, வடிகட்டியை விலக்கிவிட்டு அக்காவுக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்றேன்.

"ரோலர்ல கொழுந்து கெடக்கும்போது நிறுத்துறதா? அப்பறம் துரை என்னைய நிறுத்திருவாரு, லா."

சரி, இங்கே முடியாவிட்டால் சுத்தமான அரசாங்க மின்சாரம் இருக்கிற இடத்துக்குப் போவோம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முனியாண்டியைக் கெஞ்சிக் கருவியை வாங்கி, பட்டறை வேனில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு ரிங்லெட்டுக்கு இறங்கினேன். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் எனக்குப் பழக்கம். அவர் கடை ஃபிரிட்ஜை நான்தான் பார்த்துக் கொடுப்பேன். கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சைப் போட்டுக் கொடுத்தார். அக்கா படுத்ததும் பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன்மா, ஆர்ட்டு நோயாளிங்கிற. கடைக்குள்ள ஆளுக்கு ஏதும் ஆச்சுன்னா என் யாவாரம் என்னா ஆகுறது?"

"ஒண்ணும் ஆகாது பாய். அதக் காட்டத்தான் வந்திருக்கேன்."

"சீக்கிரம் காட்டு. பரோட்டாவுக்கு வெங்காயம் எடுக்கணும்."

தேவராஜின் பலகையை விலக்கிவிட்டு எடுத்தேன். கருவியின் சொந்தத் தடுப்பே ஐம்பதைப் பிடித்துக்கொண்டது. கோடு வந்தது. முனைக்கு முன்னால் பள்ளம் இல்லை. மேசையும் மேசையாக இருந்தது. காகிதத்தைப் பிடித்தபடி அக்காவிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் நெஞ்சா, பாய் கடை நெஞ்சா?" என்றார்.

திங்கட்கிழமை தேவராஜ் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "சாப்பாட்டுக் கடையில எடுத்தது. டாக்டர் இல்ல, டிரெஸ்ஸர் இல்ல. இத யாருகிட்டயும் காட்டிராதீங்க மிஸ் சரோஜா, சிரிப்பாங்க." தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. மலர் தினமும் பட்டறைக்கு மேலே உள்ள சரிவில் கொழுந்து எடுப்பது ஜன்னல் வழியே தெரியும். இடுப்பில் செருகியிருந்த புத்தகத்தைத் தேநீர் நேரத்தில் எடுத்துப் படிப்பாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு தேவராஜின் முறை வந்தது. அதிகாரிகளும் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவைத் தள்ளித் தள்ளிப் போட்டு, இனி முடியாது என்ற நிலையில் ஒரு காலை ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்தார். கருவிக்குப் பக்கத்தில் நான். முனியாண்டி தகடுகளைக் கட்டினார். காகிதம் ஓடியது. தேவராஜின் உடம்பில் சதை எங்கே இருக்கிறது? முனை ஊசி போல எழும்பியது. முன்னால் பள்ளம், பின்னால் பள்ளம். லெட்சுமி அக்காவுடையதைவிட ஆழம்.

முனியாண்டி காகிதத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். நான் காகிதத்தைக் கிழித்தெடுத்தேன்.

தேவராஜ் கை நீட்டி வாங்கிப் பார்த்தார். அவரை உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உதடு வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து சுவரில் இருந்த போனை எடுத்துத் தொழிற்சாலைக்குச் சுற்றினார்.

"ரோலரை நிறுத்து. எல்லாத்தையும். கொழுந்து கெடந்தா கெடக்கட்டும், நான் சொல்றேன்."

மலை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும் அந்தச் சத்தம் நின்றது. பலகையை விலக்கிவிட்டு மறுபடி எடுத்தோம். பள்ளம் இல்லை. அவர் பெருமூச்சு விட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ரோலரை ஓட்டச் சொன்னார். கொழுந்தும் கெடவில்லை, துரையும் அவரை நிறுத்தவில்லை. லெட்சுமி அக்காவுக்காக நிற்க முடியாத தொழிற்சாலை அவருக்காக ஒரே போனில் நின்றது.

மறுநாளே உட்கார்ந்து, ஆமாம், இந்தத் தடவை உட்கார்ந்து, கொசைன் வளைவால் அத்தனை எண்களையும் கால்குலேட்டரில் பெருக்கி அச்சடித்த மாதிரி எழுதிக் கொடுத்தார். பழைய சில்லைப் புறஊதா விளக்கில் வைத்து அழித்துப் புதிய எண்களை எரித்தேன். மேசை மேசையாக வந்தது. ரோலர் கிளம்பும்போது கோட்டில் லேசான முரமுரப்பு. அவர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பள்ளம் எழுதப்பட்ட எல்லாருக்கும் திரும்ப எடுத்தோம். லெட்சுமி அக்காவுக்கும் சுத்தமாக வந்தது. முனியாண்டி பழைய அட்டையிலேயே புதிய துண்டையும் ஒட்டி டாக்டருக்கு வைத்தார்.

டாக்டர் என்ன எழுதினார் தெரியுமா? ஓய்வினால் நல்ல முன்னேற்றம், ஓய்வு தொடரட்டும்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாரடைப்பின் தடம் ஓய்வெடுத்தால் அழிந்துவிடுமா? ஆனால் டாக்டரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. தேவராஜ் அவருக்கு அனுப்பிய குறிப்பில், கருவி மேம்படுத்தப்பட்டது என்று எழுதியிருந்தார். தவறாக இருந்தது என்று எழுதவில்லை. பழையதும் சரி, புதியதும் சரி என்றால் டாக்டர் வேறென்ன நினைப்பார்? நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"சார், ஒங்க கார்டையும் டாக்டர்கிட்ட வச்சிரவா? அதுலயும் ரெண்டு துண்டு இருக்கு. ஒங்களுக்கும் ஓய்வுல நல்ல முன்னேற்றம்னு எழுதுவாரு. நீங்க இருக்குற பங்களாவும் தோட்டத்துதுதான்."

பென்சில் சீவும் சத்தம் நின்றது.

"மிஸ் சரோஜா, இது மிரட்டல்."

"ஆமா சார்."

டாக்டர் அன்றைக்கு இன்னும் கிளம்பவில்லை. தேவராஜ் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். உள்ளே அவர் குரல் கேட்டது: "டாக்டர், மொதல்ல எடுத்த ஸ்ட்ரிப் எல்லாம் பொய். நோயாளிங்க மேல தப்பில்ல. ஃபில்டர் போட்டது நான்." டாக்டர் அட்டைகளைத் திரும்ப வாங்கி, எல்லாவற்றிலும் வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு இத்தனை வாரங்கள்.

மறுநாள் காலைப் பெரட்டு முடிந்து, முதல் கூடை கொழுந்து நிறையும் நேரத்தில் நானே சரிவுக்குப் போனேன். லெட்சுமி அக்காவின் பெயர் திரும்பப் பதிவில் ஏறியிருந்தது. அவரும் வந்திருந்தார். மலர் கூடையைக் கழற்றவில்லை.

"மலரு, நாளையிலேருந்து நீ ஸ்கூலுக்குப் போலாம். அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. மெசினுதான் தப்பு," என்றேன்.

"சரோக்கா, மொதல்ல மெசினு சொல்லுச்சுன்னு நம்பச் சொன்னாங்க. இப்ப அதே மெசினு தப்புங்கிறீங்க. நாளைக்கு யாராச்சும் வந்து, இல்ல, மொத சொன்னதுதான் சரின்னா? நான் பரிச்ச ஹால்ல உக்காந்திருக்கப்ப எங்கம்மா இங்க விழுந்தா யாரு தூக்குவா?"

வடிகட்டி, விண்டோ, மேசை, பள்ளம் என்று எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைக்கு விளக்கினேன். புத்திசாலிப் பெண், புரிந்துகொண்டாள். ஆனால் அசையவில்லை. "எல்லாம் சரிக்கா. அம்மா மெல்ல எடுக்கட்டும். நான் கூடவே இருக்கேன். பரிச்சய அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றாள். அடுத்த வருடம் என்று சொல்லிப் பள்ளியை விட்ட ஒருத்தரும் திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் விசிலை ஊதினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில்.

லெட்சுமி அக்கா முன்னால் வந்தார். பக்கத்தில் ஒருத்தி நிரப்பி வைத்திருந்த கூடையை எடுத்து நெற்றியில் பட்டையை மாட்டினார். வழியை விட்டுவிட்டு, செடிகளுக்கு நடுவே நேர் மேலே ஏற ஆரம்பித்தார். அந்தச் சரிவில் இளவட்டப் பையன்களே பாதியில் நின்று மூச்சு வாங்குவார்கள். இவர் நிற்கவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மலர், "அம்மா, அம்மா," என்று கூப்பிட்டுக்கொண்டே கீழேயே நின்றாள். பனி விலகிய இடத்தில், உச்சியில் இருந்த பாறைக்குப் பக்கத்தில் போய்த்தான் திரும்பினார். அங்கேயிருந்து குரல் கொடுத்தார்.

"விழுந்தேனா? போடி பள்ளிக்கூடத்துக்கு."

மலர் கூடையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அடுத்த நாள் பஸ் ஏறினாள். தேர்வையும் எழுதினாள்.

அன்று மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். நல்ல களைப்பு, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது.

"பாத்தீங்களாக்கா? ஒண்ணும் இல்லன்னு நான்தான் சொன்னேனே."

அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சொன்னத நான் எங்க நம்புனேன், தங்கச்சி. டாக்டரு எழுதுன நாள்லேருந்து எனக்கு இங்க நெஞ்சுல வலிக்கத்தான் செய்யுது. பாதி மலையில போறப்ப செத்துருவேன்னுதான் நெனச்சேன்."

"அப்பறம் ஏங்கா நிக்காம ஏறுனீங்க?"

"நான் நின்னா அவ ஓடி வந்து கூடைய வாங்கிருவாளே," என்றார்.